கட்டியதால் வளைந்தது: ‘பெண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்

கட்டட வேலையில் கம்பி வேலை பார்ப்பவரை ஆங்கிலத்தில் ‘பார் பெண்டர்’ என்பார்கள். கம்பியை வளைப்பவர் என்று பொருள். அதே ஆளைத் தமிழில் ‘கம்பி கட்டுபவர்’ என்கிறோம். அவர் செய்வது இரண்டும்தான். முதலில் கம்பியை வளைக்கிறார், பிறகு கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார். ஆங்கிலம் முதல் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தது, தமிழ் இரண்டாவதைப் பார்த்து வைத்தது. ஆனால் ‘பெண்ட்’ என்ற சொல்லின் அடிவரை போய்ப் பார்த்தால், தமிழ்ப் பெயர்தான் அதன் பழைய பொருளுக்கு அருகில் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல் கட்டுவதையே குறித்தது. வளைவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பள்ளியில் ‘பெண்ட் என்றால் வளை’ என்று ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறவருக்குச் சில இடங்கள் புரியாமலே இருக்கும். இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சுக்கு ஏன் ‘பெண்ட்’ என்று பெயர்? ஒன்றில் பிடிவாதமாக இருப்பவரை ஏன் ‘பெண்ட் ஆன்’ என்கிறார்கள்? கேடயத்தின் குறுக்கே போகும் பட்டை நேராகத்தானே இருக்கிறது, அது எப்படி ‘பெண்ட்’ ஆனது? மூன்றுக்கும் விடை அந்தப் பழைய பொருளில் இருக்கிறது. அது வளைவாக மாறிய இடம் வில்.

நாண் ஏற்றும்போது நடந்தது

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய ஆங்கிலத்தில், ‘பெண்ட்’ என்ற பெயர்ச்சொல்லுக்குக் கட்டு, தளை, விலங்கு என்று பொருள். ‘பெண்டன்’ என்ற வினைச்சொல் தளையிடுவதையும் வில்லுக்கு நாண் ஏற்றுவதையும் குறித்தது.

நாண் ஏற்றுவது எப்படி என்று தெரிந்தால் பொருள் மாறிய கணமும் தெரிந்துவிடும். நாண் இல்லாத நெடுவில் ஏறக்குறைய நேரான ஒரு கழிதான். நாண் அந்தக் கழியைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கும். அதன் ஒரு முனையைக் கழியின் ஒரு நுனியில் உள்ள வெட்டில் மாட்டுவார்கள். மறுமுனை எட்டாது. கழியின் கீழ்நுனியை ஊன்றி, நடுப்பகுதியை ஒரு பக்கமாகத் தள்ளி, மேல்நுனியை அழுத்தி வளைத்தால்தான் இரண்டாவது கண்ணி வெட்டுக்குள் போய் விழும். விட்டவுடன் கழி நிமிரப் பார்க்கும், நாண் விடாது. கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையில் கட்டைவிரலை நிமிர்த்திய ஒரு கைமுட்டி அளவு இடைவெளி இருந்தால் சரியான ஏற்றம். ஏறக்குறைய 15 முதல் 18 செ.மீ. இதைவிடக் குறைந்தால் நாண் தளர்ந்து, அம்பு விடும்போது மணிக்கட்டில் அடிக்கும். மிகுந்தால் கழிக்கு எப்போதும் கூடுதல் பாரம்.

கட்டுவதும் வளைப்பதும் இங்கே ஒரே செயல். வளைக்காமல் கட்ட முடியாது, கட்டாமல் வளைவு நிற்காது. ‘வில்லைப் பெண்ட் செய்தான்’ என்று கேட்டவர்களின் கண்முன் நடந்ததோ கழி வளைந்தது. காலப்போக்கில் காதில் விழுந்த சொல் கண்ணில் பட்டதன் பெயராகிவிட்டது. 14ஆம் நூற்றாண்டுக்குள் நாணே இல்லாத பொருள்களையும் ‘பெண்ட்’ செய்யத் தொடங்கிவிட்டார்கள். கட்டுதல் என்ற பொருளைக் காப்பாற்ற ஆளில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வேலைக்கு ‘பைண்ட்’ என்ற சொல் ஏற்கெனவே இருந்தது.

வில்லை வைத்துச் சொல்லின் பொருள் நகர்வது தமிழுக்கும் புதிதல்ல. ‘வணங்கு’ என்ற வினைக்கு அடிப்பொருள் வளைதல். உடலை வளைத்து மரியாதை செய்வதால் அது தொழுதலானது. 827ஆம் குறள் ‘சொல்வணக்கம்’, ‘வில்வணக்கம்’ என்று இரண்டையும் அருகருகே வைக்கிறது: வில் வளைவது தீங்கு செய்வதற்கு, அதனால் பகைவரின் சொல் வளைவதையும் நம்பாதே என்கிறது. இன்று நாம் சொல்லும் ‘வணக்கம்’ என்ற சொல்லில் வளைவு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ‘பெண்ட்’ கட்டில் தொடங்கி வளைவுக்கு வந்தது. ‘வணக்கம்’ வளைவில் தொடங்கி மரியாதைக்குப் போனது.

ஒலி எப்படி மாறியது

‘பைண்ட்’, ‘பேண்ட்’, ‘பாண்ட்’, ‘பண்டில்’, ‘பேண்டேஜ்’ எல்லாம் கட்டு சார்ந்த சொற்கள், ஒரே குடும்பம். அதில் ‘பெண்ட்’ மட்டும் ஏன் எகரத்தோடு இருக்கிறது? ஜெர்மானிய மொழிகளின் பழைய வடிவத்தில் அது ‘பண்ட்யன்’ போன்ற ஒலியோடு இருந்ததாக மொழியியலாளர்கள் மீட்டுருவாக்குகிறார்கள். ‘கட்டு இடு’ என்று பொருள். பின்னால் வரும் யகர ஒலிக்காக நாக்கு முன்கூட்டியே மேலே எழும்பத் தொடங்கும். அதில் முந்தைய அகரம் எகரமாகிவிடும். பிறகு யகரம் தேய்ந்து மறைந்தது, எகரம் மட்டும் தங்கிவிட்டது. ‘மேன்’ என்ற ஒருமை ‘மென்’ என்ற பன்மையாவதும், ‘ஃபுட்’ ‘ஃபீட்’ ஆவதும் இதே இழுப்பால்தான். ஆங்கிலத்தில் விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்யவைக்கும் பல சொற்கள் உண்மையில் இந்த ஒரு பழைய விதியின் மிச்சங்கள்.

குடும்பத்தை இன்னும் மேலே கொண்டுபோனால் இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் கட்டுதலைக் குறித்த ஒரு வேர் கிடைக்கிறது. அதன் சமஸ்கிருதக் கிளைதான் ‘பந்த்’. அங்கிருந்து தமிழுக்கு வந்தவை ஏராளம்: பந்தம், சம்பந்தம், சம்பந்தி, நிபந்தனை, பிரபந்தம், உறவினர் என்ற பொருளில் வரும் பந்து. நிபந்தனை நம்மைக் கட்டுகிறது, பிரபந்தம் சொற்களைக் கட்டுகிறது. பாரசீகக் கிளை வழியாக வந்தது ‘பந்தோபஸ்து’. அதில் இரண்டு பாதியுமே கட்டுதல்தான். கடையை அடைக்கச் சொல்லும் ‘பந்த்’ இந்தி வழியாக வந்த உறவு. ஆக, கொண்டை ஊசி வளைவில் நிற்கும் ‘ஹேர்பின் பெண்ட்’ பலகைக்கும் கல்யாண வீட்டுச் சம்பந்திக்கும் சொல்லளவில் சம்பந்தம் உண்டு. விளையாடும் பந்தை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட வேண்டாம். ஒலி ஒன்றானாலும் அது வேறு சொல்.

பழைய பொருள் பிழைத்த இடம்

கடலோடிகள் சொற்களை எளிதில் கைவிடுவதில்லை. பாய்மரக் கப்பல் காலத்து ஆங்கிலத்தில் நங்கூரத்தில் வடத்தைக் கட்டுவதும், குறுக்குக் கழியில் பாயைக் கட்டுவதும் ‘பெண்ட்’தான். இன்றும் முடிச்சுப் பாடத்தில் இரண்டு கயிறுகளை ஒன்றோடு ஒன்று இணைக்கும் முடிச்சுகளுக்குப் பொதுப்பெயர் ‘பெண்ட்’. கயிற்றைத் தூணிலோ வளையத்திலோ கட்டினால் அது ‘ஹிட்ச்’.

சாரணர் பயிற்சியில் சொல்லித்தரும் ‘ஷீட் பெண்ட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் ஷீட் என்பது தாளோ விரிப்போ அல்ல. பாயின் கீழ்மூலையைப் பிடித்திருக்கும் கயிறு. தடிமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இணைக்க இது பயன்படும். தடித்த கயிற்றின் நுனியை மடித்து ஒரு காது போல் பிடித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய கயிற்றைக் காதுக்குள் கீழிருந்து மேலே கொண்டுவந்து, காதின் இரண்டு கால்களையும் பின்புறமாகச் சுற்றி, மறுபக்கம் வந்ததும் மெல்லிய கயிறு தன் மேலேயே படியும்படி, அதன் அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். மீண்டும் காதுக்குள் விடக் கூடாது. இறுக்கிய பின் இரண்டு குட்டை நுனிகளும் ஒரே பக்கம் இருக்கின்றனவா என்று பாருங்கள். எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் முடிச்சு பிடிப்புக் குறைந்தது, சுமை ஏறி இறங்கும்போது நழுவும். வழுக்கும் நைலான் கயிறாக இருந்தால் சுற்றை இரண்டு முறை போட்டால் நிற்கும். நுனியைக் குறைந்தது ஒரு சாண் விடாமல் ஒட்ட நறுக்குவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

கேடயத்துப் பட்டையின் கதை கொஞ்சம் சுற்றுவழி. ஜெர்மானியக் ‘கட்டு’, பட்டை என்ற பொருளோடு பழைய பிரெஞ்சுக்குள் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தது. ஐரோப்பியக் குலச் சின்னங்களில் பார்ப்பவரின் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்குச் சரிந்து இறங்கும் பட்டை ‘பெண்ட்’. எதிர்த்திசையில் இறங்கினால் ‘பெண்ட் சினிஸ்டர்’. சினிஸ்டர் என்பது இடது. கேடயத்தைப் பிடித்திருப்பவரின் இடது, பார்ப்பவருக்கு அது வலது. இங்கே வளைவைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் இது பட்டை, வளைவல்ல.

‘பெண்ட்’டின் இறந்தகாலம்

‘செண்ட்’, ‘லெண்ட்’, ‘ஸ்பெண்ட்’ ஆகியவை இறந்தகாலத்தில் கடைசி ‘டி’ (d) எழுத்தை விட்டு ‘டீ’ (t) எழுத்தை ஏற்பது போலவே இதுவும். தமிழில் எழுதும்போது இரண்டும் ‘பெண்ட்’ என்றே விழுவதால், காதால்தான் வேறுபடுத்த வேண்டும்: நிகழ்காலத்தில் கடைசி ஒலி ‘கண்டு’ என்பதில் வருவது போல மெல்ல அதிரும், இறந்தகாலத்தில் ‘வெட்டு’ போல வறண்டு நிற்கும். ‘பெண்டட்’ என்ற நீண்ட வடிவம் ஏறக்குறைய ஒரே தொடரில்தான் பிழைத்திருக்கிறது: ‘ஆன் பெண்டட் நீ’, அதாவது மண்டியிட்டு. வேறெங்கும் அதைப் பயன்படுத்தினால் பிழை.

இறந்தகால வடிவம் தனி வாழ்க்கையும் நடத்துகிறது. ‘பெண்ட் ஆன்’ என்றால் ஒன்றைச் செய்தே தீருவேன் என்று நிற்பது. இங்கேயும் வில்லை நினைத்தால் பொருள் தானாக வரும்: நாணேற்றிக் குறிபார்த்து நிற்கும் வில் தளராது. பெயர்ச்சொல்லாக வரும்போது அது இயல்பான நாட்டம். இயந்திரங்களில் ஒருவருக்கு ‘பெண்ட்’ இருக்கிறது என்றால் அவர் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் லஞ்சம் வாங்கும் போலீஸ்காரரும் ‘பெண்ட்’தான், நேர்மையிலிருந்து கோணியவர். புல்வெளிகளில் வளர்க்கும் ‘பெண்ட் கிராஸ்’ மட்டும் பெயர் ஒற்றுமையால் வந்து நிற்கும் வேற்றாள். அந்தப் புல்லின் பெயருக்கு மூலம் வேறு.

‘தி பெண்ட்ஸ்’ என்று பன்மையில் வந்தால் அது ஒரு நோய். ஆழ்கடலில் அல்லது அழுத்தக் காற்று அடைத்த அறையில் வேலை செய்யும்போது இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கரைந்திருக்கும். சட்டென்று வெளியே வந்தால், சோடா மூடியைத் திறந்ததுபோல் அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளில் தாங்க முடியாத வலியை உண்டாக்கும். 1870களில் செயின்ட் லூயிஸில் ஈட்ஸ் பாலத்துக்கும் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கும் ஆற்றடியில் அடித்தளம் போட்ட தொழிலாளர்கள் இதனால் கூனிக்குறுகி நடந்தார்கள். அப்போது நாகரிகப் பெண்கள் பின்புறம் தூக்கிய பாவாடையோடு முன்சாய்ந்து நடக்கும் பாணிக்கு ‘கிரீசியன் பெண்ட்’ என்று பெயர். வலியில் குனிந்தவர்களைச் சக தொழிலாளர்கள் அந்தப் பெயரால் கேலி செய்தார்கள். கேலி மருத்துவச் சொல்லாகிவிட்டது.

குழாய்க் கடையில் எல்போவும் பெண்ட்டும்

‘எல்போ’ என்ற சொல்லின் பழைய வடிவம் ‘எல்ன்போகா’. ‘எல்ன்’ என்றால் முன்கை, அதன் நீளத்தால் அளக்கும் அளவு, நம் முழம். ‘போகா’ என்றால் வில், வளைவு. தமிழ் ‘முழங்கை’யிலும் முழம் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஆகவே குழாய்க் கடையில் எல்போ, பெண்ட் எதைக் கேட்டாலும் சொல்லுக்குள் ஒரு வில் இருக்கிறது.

பொருளாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. எல்போ இறுக்கமாகத் திரும்பும், பெண்ட் அகலமாகத் திரும்பும். இரும்புக் குழாய் எல்போக்களிலேயே நீள்வளைவு வகைக்கு நடுக்கோட்டின் ஆரம் குழாயின் பெயரளவு விட்டத்தைப்போல 1.5 மடங்கு, குறுவளைவு வகைக்கு 1 மடங்கு. 4 அங்குலக் குழாய்க்கு முறையே 6 அங்குலம், 4 அங்குலம். இறுக்கமான திருப்பத்தில் நீர் உள்பக்கச் சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், அழுத்தம் வீணாகும். கழிவுக் குழாயில் அதே இடத்தில் திடப்பொருள் தங்கி அடைத்துக்கொள்ளும். மாடியிலிருந்து இறங்கும் 110 மி.மீ. கழிவுக் குழாய் தரையில் படுக்கைவாக்கில் திரும்பும் இடத்தில் ஒரு 90 டிகிரி எல்போவைப் போடாமல் இரண்டு 45 டிகிரி பெண்டுகளைப் போடச் சொல்வது இதனால்தான். இடம் கொஞ்சம் கூடும். பிறகு தரையை உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கம்பியில் கழிக்கவேண்டிய வளைவு

கம்பி வேலையில் ‘பெண்ட்’ என்பது கழித்தல் கணக்கில் வரும் ஓர் எண். கம்பியை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது, மூலையும் கூராக இல்லாமல் உருண்டு போகிறது. அதனால் வெளி அளவுகளைக் கூட்டி வெட்டினால் கம்பி தேவைக்கு மேல் நீண்டுவிடும். தளத்தில் பின்பற்றும் கணக்கு எளிது: 45 டிகிரி வளைவுக்குக் கம்பியின் விட்டம் ஒரு மடங்கு, 90 டிகிரிக்கு இரண்டு மடங்கு, 135 டிகிரிக்கு மூன்று மடங்கு கழிக்க வேண்டும்.

230 × 300 மி.மீ. உத்தரத்துக்கு 8 மி.மீ. கம்பியில் வளையம் போடுவதாகக் கொள்வோம். சுற்றிலும் 25 மி.மீ. கவர் (கம்பியை மூடும் வெளிக் கான்கிரீட்டின் கனம்) விட்டால் வளையத்தின் வெளி அளவு 180 × 250. நான்கு பக்கமும் சேர்த்து 860. கொக்கிகள் இரண்டுக்கும் விட்டத்தைப்போல பத்து மடங்கு வீதம் 160 கூட்டினால் 1,020. மூன்று மூலைகளில் 90 டிகிரி வளைவுக்கு 48, கொக்கிகளின் இரண்டு 135 டிகிரி வளைவுக்கு 48, ஆக 96 கழிந்து, வெட்ட வேண்டிய நீளம் 924 மி.மீ. கழிக்க மறந்தால் வளையம் ஒன்றுக்கு 96 மி.மீ. கூடுதல், நூறு வளையத்தில் 9.6 மீட்டர், 12 மீட்டர்க் கம்பி ஒன்றில் பெரும்பகுதி போய்விடும். அதைவிட மோசம், அந்தக் கூடுதல் நீளத்தை வளையத்துக்குள்ளேயே சமாளித்தால் வளையம் பெருத்துக் கவர் குறையும், நாளடைவில் கம்பி துருப்பிடிக்கும்.

கொக்கியை 90 டிகிரியில் நிறுத்திவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நிலநடுக்கத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்தால் அந்தக் கொக்கி விரிந்துவிடும். 135 டிகிரியில் உள்ளே திரும்பிய கொக்கி நடுக் கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். தப்பாக வளைத்த கம்பியை நிமிர்த்தி அதே இடத்தில் மறுபடி வளைக்கக் கூடாது. முதல் வளைப்பிலேயே அந்த இடம் கெட்டிப்பட்டுவிடும், இரண்டாவதில் மயிரிழை விரிசல் விழும்.

தமிழாக்கும்போது

ஆங்கிலத்தின் இந்த ஒரு வினைக்குத் தமிழில் ஒரே வினையை வைத்தால் வாக்கியம் உளறும். எது வளைகிறது என்று பார்த்துச் சொல்லைத் தேர வேண்டும். முழங்காலை, கையை ‘மடக்கு’வோம். இடுப்பை வளைத்துத் தாழ்ந்தால் ‘குனி’வோம். மூங்கிலை ‘வளை’ப்போம். சாலையும் ஆறும் ‘திரும்பும்’. தகடு ‘நெளியும்’. உடற்பயிற்சிக் குறிப்பில் ‘முழங்கால்களை வளையுங்கள்’ என்று எழுதியிருந்தால், எழுதியவர் அகராதியைப் பார்த்தாரே தவிர ஆளைப் பார்க்கவில்லை. ‘பெண்ட் ஓவர் பேக்வர்ட்ஸ்’ என்பதைப் பின்னால் வளைத்துவிட வேண்டாம். ஒருவருக்காகப் படாதபாடு படுவது என்று எழுதினால் போதும். எதிர்த்திசையிலும் கவனம் தேவை. ஏரிப் புறம்போக்கை ஒருவர் ‘வளைத்துப் போட்டார்’ என்பதை ‘பெண்ட்’ என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலம் படிப்பவருக்கு ஏரிதான் வளைந்ததாகத் தோன்றும்.

தமிழ்நாட்டுச் சைக்கிள் கடை இந்தச் சொல்லை எடுத்துத் தன் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கோணிய சக்கரத்தை ‘ட்ரூ’ செய்வார்கள், அதாவது நேராக்குவார்கள். இங்கே ‘பெண்டு எடுப்பார்கள்’. வளைவு என்பது சக்கரத்தின் நிலை என்று இல்லாமல், உள்ளே புகுந்த ஒரு பொருள் போலவும் அதை உருவி எடுத்துவிடலாம் என்பது போலவும் பேச்சு அமைந்துவிட்டது. ஒருவரைக் கடுமையாக வேலை வாங்கிக் களைக்க வைப்பதைப் ‘பெண்டு கழற்றுவது’ என்றும், அடித்துத் திருத்துவதைப் ‘பெண்டு நிமிர்த்துவது’ என்றும் சொல்வதும் இதையொட்டித்தான்.

எடுக்கும் முறையும் கட்டுவதும் தளர்த்துவதும்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டையின் பக்கத்தில் ரிம் எங்கே இடதுபுறம் ஒதுங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் அச்சின் வலப்பக்கத்துக்குப் போகும் ஸ்போக்குகளின் நிப்பிளை, அதாவது ஸ்போக்கை ரிம்மோடு பிடித்திருக்கும் சிறு திருகை, இறுக்க வேண்டும், பக்கத்தில் இடப்பக்கம் போவதைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான், பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் திருப்பினால் இறுகும். அச்சின் பக்கமிருந்து குனிந்து பார்த்துக்கொண்டு சாவியைப் போடுபவருக்கு அது எதிர்த்திசையாகத் தெரியும். புதியவர்கள் இறுக்குவதாக நினைத்துத் தளர்த்துவது இங்கேதான். ஒரே பக்கத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் பக்கவாட்டு ஆட்டம் நின்று, ரிம் மேலும் கீழும் குதிக்கத் தொடங்கும். அந்தப் பெண்டை எடுப்பதற்கு முதலில் இறுக்கியதெல்லாம் தளர்த்த வேண்டியிருக்கும்.